ஒரு நிலையத்திலாவது ஓட்டிப் பாருங்கள்: சாயக்கழிவு நீர் சுத்திகரிப்பு நிலைய நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரங்களில் சாயக்கழிவு நீருக்கான பொது சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தி வரும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்ங்க.

உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடல். எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிச் சாயக்கழிவு நீரைச் சுத்தம் செய்யும் கதிர்வீச்சு முறையை, உங்கள் நிலையங்களில் ஏதாவது ஒன்றில் சிறிய அலகாக வைத்து ஒரு வருடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். முடிவு சாதகமோ பாதகமோ, அதை ஊரறிய வெளியிட வேண்டும். கேட்பது அவ்வளவுதான். எதற்காகக் கேட்கிறேன், எதை இந்த முறையிடம் எதிர்பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

நான் நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே பண்ணையம் செய்த குடும்பத்துப் பிள்ளை. படித்தது வேதியியல். கொஞ்ச காலம் ஒரு சாய ஆலையின் லேபில் வேலை பார்த்தேன். இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அதனால் இந்தப் பிரச்சினையில் இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கிணறு உப்பேறித் தென்னை காய்ப்பு நின்றுபோன தோட்டத்துக்காரர்களும் என் ஆட்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாமல் நின்றவர்களும் என் ஆட்கள்தான். 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய அணை சில வருடங்களிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியதையும், 2006-ல் உயர் நீதிமன்றம் கழிவு நீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்ற நிலைக்கு வரச் சொன்னதையும், 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததையும் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தீர்ப்புகளுக்குப் பின்னால் நீங்கள் போட்ட முதலும் பட்ட கடனும் கொஞ்சநஞ்சமில்லை. அதை மதித்துத்தான் எழுதுகிறேன்.

இன்றைக்கு உங்கள் நிலையங்களில் நடப்பதை எடுத்துக்கொள்வோம். ஆலைகளிலிருந்து வரும் நீரை முதலில் சமன்படுத்தும் தொட்டியில் சேர்க்கிறீர்கள். அப்புறம் நுண்ணுயிர்த் தொட்டி, தேவைப்படும் இடத்தில் சுண்ணாம்பும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்), பல அடுக்கு வடிகட்டிகள், ஆர்.ஓ. சவ்வு. நல்ல தண்ணீர் ஆலைக்குத் திரும்புகிறது. சவ்வு ஒதுக்கிவிட்ட உப்பு நீரை, அதாவது ரிஜெக்டை, எவாப்பரேட்டரில் காய்ச்சுகிறீர்கள். கடைசியில் உப்பும் ஸ்லட்ஜ் என்கிற கசடும் நிற்கின்றன. நம் ஊரில் கெட்டுப்போன ஆறு மீள இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். அதில் எந்த இடத்தில் வலிக்கிறது என்பதும் தெரியும். சாயம் ஆர்.ஓ. வரைக்கும் வந்துவிடுகிறது, சவ்வு அடைக்கிறது. ரிஜெக்டில் நிறம் செறிந்து கிடப்பதால் அதிலிருந்து எடுக்கிற உப்பு பழுப்பாக வருகிறது, திரும்பச் சாயமிட எடுத்துக்கொள்ள ஆலைகள் தயங்குகின்றன. வேறு வழியில்லாமல் கலவை உப்பை மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்குகிறீர்கள். அந்த மூட்டைகள் மழையில் நனைந்தால் எங்கே போகும் என்ற கவலை உங்களுக்கும் இருக்கும், எங்களுக்கும் இருக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வேர் இருக்கிறது. பருத்திக்கு நாம் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். போட்ட சாயம் முழுவதும் நூலில் ஏறுவதில்லை. சாயத்தையும் நிறத்தையும் பொறுத்து 20 முதல் 40 சதவீதம் வரை தண்ணீரோடு சேர்ந்து நீராற்பகுப்பாகிக் கழிவில் போய்விடுகிறது. அப்படி நீரோடு போன சாயம் நன்றாகக் கரையும் தன்மை உள்ளது. வண்டலாக இறங்காது, பாக்டீரியாவும் லேசில் தொடாது. சாயம் மங்காமல் இருக்க வேண்டும் என்று பனியன் வாங்குபவர் எதிர்பார்க்கிற அந்த உறுதிதான் தொட்டியில் வந்து நமக்கு எதிராக நிற்கிறது.

எலக்ட்ரான் கற்றை உதவக்கூடிய இடம் இதுதான். முடுக்கி என்ற இயந்திரம் எலக்ட்ரான்களை மின்னழுத்தத்தால் வேகமேற்றி ஒரு மெல்லிய உலோகத் தகட்டின் வழியாக வெளியே அனுப்புகிறது. அவை தண்ணீரில் பாய்ந்ததும் தண்ணீர் மூலக்கூறையே உடைக்கின்றன. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஆவதற்குள் ஹைட்ராக்சில் ரேடிக்கல், நீரேறிய எலக்ட்ரான், ஹைட்ரஜன் அணு என்று வேகமாக வினைபுரியும் துகள்கள் பிறந்துவிடுகின்றன. ஹைட்ராக்சில் ரேடிக்கலுக்கு ஓசோனைவிட ஆக்சிஜனேற்றும் வலிமை அதிகம். நீரேறிய எலக்ட்ரான் அதற்கு நேர் எதிராக, எலக்ட்ரானைக் கொடுத்து ஒடுக்கும் வேலை செய்கிறது. சாயத்தில் நிறத்தைத் தாங்கி நிற்கும் அசோ பிணைப்பை இரண்டுமே தாக்குகின்றன. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமிருந்தும் அடி விழுகிற இப்படிப்பட்ட முறை சுத்திகரிப்பில் அபூர்வம். வெளியிலிருந்து எந்த ரசாயனமும் போடுவதில்லை என்பதால் அன்னபேதி, சுண்ணாம்பு ஸ்லட்ஜும் அந்த அளவுக்குக் குறையும். நிறம் முதலில் போகும். பெரிய மூலக்கூறுகள் சிறிய அமிலங்களாக உடையும், அவற்றைப் பாக்டீரியாவால் தின்ன முடியும். எல்லாவற்றையும் கற்றையாலேயே கார்பன் டை ஆக்சைடு வரைக்கும் எரிக்க நினைத்தால் மின்சாரச் செலவு எகிறிவிடும். உடைக்கிற வரைக்கும் கற்றை, அதற்கு மேல் நுண்ணுயிர் என்று வேலையைப் பிரித்துக்கொடுப்பதுதான் இதில் புத்திசாலித்தனம்.

இதை வேறு நாட்டில் செய்திருக்கிறார்கள், அதுவும் நம்மைப் போலவே சாயம் போடுகிற ஊரில். தென்கொரியாவின் தேகு நகரச் சாயத் தொழிற்பேட்டையில் 1998-ல் நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் அளவில் சோதனை நிலையம் வைத்தார்கள். அதில் வருடக்கணக்கில் கற்ற பிறகு, 2000-களின் நடுவில் நாளுக்கு ஒரு கோடி லிட்டருக்கான நிலையம் வந்தது. அங்கே வைத்தது 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் ஆற்றலும் 400 கிலோவாட் கற்றைத் திறனும் உள்ள முடுக்கி. சீனாவில் 2017-ல் ஜின்ஹுவா நகரில் முதல் நிலையம். 2020-ல் குவாங்டாங் மாகாணத்தின் ஜியாங்மென் நகரில் ஒரு பின்னலாடை ஆலையில் நாளுக்கு 3 கோடி லிட்டருக்கான நிலையம். பின்னலாடை என்றதும் உங்களுக்கு நம்ம ஊர்தானே ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. உலகச் சந்தையில் நமக்குப் போட்டியாக நிற்கிறவர்கள், கழிவு நீரில் இந்த அளவுக்கு இறங்கியிருக்கிறார்கள்.

மின்சாரக் கணக்கை உங்கள் பொறியாளர்களே போட்டுப் பார்க்கலாம், எளிதுதான். தண்ணீர் ஏற்கும் கதிர் அளவைக் கிலோகிரே என்ற அலகில் சொல்வார்கள்; ஒரு கிலோகிரே என்பது ஒரு கிலோ தண்ணீர் ஏற்கும் ஒரு கிலோஜூல் ஆற்றல். ஆயிரம் லிட்டருக்கு அது 0.28 யூனிட். தண்ணீரின் சூடு கால் டிகிரிகூட ஏறாது. தேகு முடுக்கியின் 400 கிலோவாட்டும் 24 மணி நேரமும் முழுதாக நீருக்குள் போனது என்று வைத்தால்கூட, ஆயிரம் லிட்டருக்குக் கற்றை ஆற்றல் ஒரு யூனிட்டுக்குள்தான் வருகிறது. இயந்திர இழப்பு, பம்பு, காற்றோட்டம், குளிரூட்டல் எல்லாம் அதற்கு மேல் சேரும், அதை மறைக்க வேண்டாம். இதோடு எவாப்பரேட்டரை ஒப்பிடுங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரே கட்டமாக ஆவியாக்க சுமார் 630 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் வேண்டும். பல கட்ட எவாப்பரேட்டர் அதைப் பல மடங்கு குறைக்கும் என்றாலும் இடைவெளி பெரியது. சாயத்தை முன்கூட்டியே உடைத்து, ஆர்.ஓ.வில் அடைப்பைக் குறைத்து, எவாப்பரேட்டருக்குப் போகிற ரிஜெக்டில் ஒரு சிறு பங்கு குறைந்தாலே கற்றைக்கான மின்சாரம் அதில் அடங்கிவிட வாய்ப்பிருக்கிறது. நம் தண்ணீரில் அது உண்மையில் அடங்குகிறதா என்பதைத்தான் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, இந்த மடலை எழுத வைத்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

எலக்ட்ரான் கற்றை உப்பை எடுக்காது. ஒரு கிராம்கூட எடுக்காது. சோடியம் குளோரைடு உள்ளே போனால் சோடியம் குளோரைடாகத்தான் வெளியே வரும். நிறம் போய்த் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரியும், ஆனால் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்பின் அளவு, அப்படியே இருக்கும். நொய்யல் ஆயக்கட்டில் எங்கள் மண்ணைக் கெடுத்தது பார்க்கச் சகிக்காத நிறம் மட்டும் கிடையாது. உப்புதான் வேரைக் கொன்றது. சோடியம் ஏறிய மண் இறுகி, மழைத் தண்ணீர்கூட இறங்காமல் நின்றது. என் அப்பா கடைசியில் நிலத்தைத் தரிசாகப் போட்டது சிவப்புத் தண்ணீரைப் பார்த்து அல்ல, நட்ட நாற்று தெளிந்த கிணற்றுத் தண்ணீரிலேயே கருகியதைப் பார்த்துத்தான்.

ஆகவே இந்தப் புது இயந்திரத்தைக் காட்டி, "தண்ணீர் தெளிந்துவிட்டது, ஆற்றில் விடலாம், ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் இனி எதற்கு" என்று யாராவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமோ நீதிமன்றத்திடமோ போய் நிற்பதற்கு இந்த முறை ஒரு சாக்காகிவிடக் கூடாது. அப்படி ஒரு பேச்சு எழுந்தால் முதலில் எதிர்ப்பவன் நானாக இருப்பேன். கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற விதியை நிறமில்லாத தண்ணீரும் மீறும். ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்பது எத்தனை வருடம் வழக்கு நடத்தி வாங்கிய தீர்ப்பு! கழிவு நீர் வெளியேறாத நிலை அப்படியே இருக்க வேண்டும், அதற்குள் ஒரு உறுப்பாக இந்தக் கற்றை வர வேண்டும். என் கோரிக்கையின் எல்லை இது.

எந்த இடத்தில் வைப்பது என்பதில் எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. இரண்டு இடங்கள் பொருந்தும். ஒன்று, நுண்ணுயிர்த் தொட்டிக்கும் ஆர்.ஓ.வுக்கும் நடுவில். இன்னொன்று ரிஜெக்டிலேயே. அருள்புரம் நிலையத்தில் உப்பு நீரையே சுத்தப்படுத்தித் திரும்பச் சாயத் தொட்டிக்கு அனுப்புகிற முறையை நம் ஆட்கள் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார்கள். உப்பு நீரில் நிறம் இல்லாமல் இருந்தால் அந்த வழி இன்னும் அகலும். ரிஜெக்டின் அளவு குறைவு என்பதால் சிறிய முடுக்கியே போதும்.

ஆனால் இங்கே வேதியியல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நாம் சாயமிடும்போது சோடா ஆஷ் போடுகிறோம், அதனால் கழிவில் கார்பனேட் நிறைய. நீர் காரத் தன்மையில் இருக்கும்போது கார்பனேட் ஹைட்ராக்சில் ரேடிக்கலைச் சாயத்துக்கு முன்பே பிடித்துக்கொள்ளும். சரி, அமிலம் சேர்த்துக் காரத்தைக் குறைத்தால் என்ன? கார்பனேட் தொல்லை போகும், ஆனால் அமிலப் பக்கம் போகப் போக, உப்பிலுள்ள குளோரைடு அந்த ரேடிக்கலைப் பிடித்துக் குளோரின் ரேடிக்கலாக மாற்றும். அப்போது குளோரின் ஏறிய கரிமப் பொருள்கள் உண்டாகும் ஆபத்து இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த பி.எச்.-ல் (அமில-கார அளவில்) ஓட்டுவது என்பதை எந்த வெளிநாட்டு அறிக்கையும் நமக்குச் சொல்லித் தராது, நம் தண்ணீரை ஊற்றித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சல்பேட் ஹைட்ராக்சில் ரேடிக்கலோடு பெரிதாக மோதுவதில்லை. எனவே சாதா உப்புக்குப் பதில் கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) போடும் ஆலைகள் அதிகம் உள்ள நிலையத்தில் முதல் சோதனையை வைப்பது நல்லது என்பது என் கருத்து.

அப்புறம் இன்னொன்று. அசோ பிணைப்பு உடையும்போது அரோமாட்டிக் அமீன்கள் வரலாம், அவற்றில் சில நச்சுத் தன்மை உள்ளவை. நிறம் போய்விட்டது என்று கண்ணால் பார்த்து விட்டுவிடாமல், சி.ஓ.டி. (கரிமக் கழிவின் அளவைக் காட்டும் ஆக்சிஜன் தேவை), அமீன்கள், குளோரினேறிய கரிமப் பொருள்கள், மீன்குஞ்சுகளை வைத்துச் செய்யும் நச்சுச் சோதனை எல்லாவற்றையும் ஒவ்வொரு கதிர் அளவுக்கும் பார்க்க வேண்டும். கோவையிலேயே தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது, வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. முடுக்கியைப் பற்றிக் கேட்க நவி மும்பை கார்கரில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் எலக்ட்ரான் கற்றை மையமே வைத்திருக்கிறார்கள், இந்தூரில் ராஜா ராமண்ணா மையம் முடுக்கிகளைச் செய்கிறது. பேரல் பேரலாக நம் கழிவு நீரை அங்கே கொண்டுபோய், இங்கே இயந்திரம் வாங்கும் முன்பே முதல் கட்டச் சோதனையைச் செய்துவிட முடியும். அதற்கு ஆகும் செலவு ஒரு நிலையத்தால் தாங்கக்கூடியதுதான்.

கதிர்வீச்சு என்று கேட்டதும் ஊரில் பயம் வரும். அது நியாயமான பயம். முப்பது வருடம் தண்ணீரில் ஏமாந்த மக்களிடம் "ஒன்றும் ஆகாது" என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்ப முடியாது. உட்காரவைத்து விளக்க வேண்டும். இந்த இயந்திரத்தில் யுரேனியமும் இல்லை, கோபால்ட்டும் இல்லை. சுவிட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும், கெடுவதற்கும் புதைப்பதற்கும் எந்தக் கதிரியக்கப் பொருளும் மிஞ்சாது. இந்த ஆற்றல் அளவில் எலக்ட்ரான்கள் தண்ணீரைக் கதிரியக்கம் உள்ளதாக மாற்றுவதில்லை. 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் தண்ணீரில் நான்கு மில்லிமீட்டர் ஆழம்தான் போகும், அதனால்தான் தண்ணீரை மெல்லிய திரையாகப் பீய்ச்சி அதன் கீழே ஓட்டுகிறார்கள். கோவை மருத்துவமனைகளில் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்யும் லீனியர் ஆக்சிலரேட்டரும் முடுக்கிதான். மின்கம்பி உறைகளை உறுதிப்படுத்தவும் இதே கற்றையைப் பல வருடமாகத் தொழிலில் பயன்படுத்துகிறார்கள். குஜராத்தில் வடோதராவில் 1992 முதலும், பின்னர் அகமதாபாத்தில் நாளுக்கு 100 டன் அளவிலும் சாக்கடைக் கசடைக் கதிர்வீச்சால் கிருமி நீக்கி உரமாக்கும் நிலையங்கள் வந்தன. அவை கோபால்ட்-60 காமா கதிர் வகை, நாம் பேசுவது அதுவல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. இயந்திரம் ஓடும்போது எக்ஸ் கதிர் உண்டாகும், அதற்குக் கனமான கான்கிரீட் சுவர் வேண்டும். கற்றை காற்றில் பட்டு ஓசோன் வரும், அதை வெளியேற்றும் காற்றோட்டம் வேண்டும். கதவு திறந்தால் தானாக நிற்கும் பூட்டு வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் இதை நிறுவ முடியாது. இந்த ஆபத்து முதலில் வருவது அங்கே வேலை செய்கிற ஆட்களுக்கு. சுத்திகரிப்பு நிலையத் தொட்டிகளிலும் கசடுக் குழிகளிலும் இறங்கிய தொழிலாளிகளின் பாதுகாப்பை நம் தொழில் எப்போதும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டது என்று சொல்ல முடியாது. இந்த இயந்திரத்துக்குத் தினக்கூலி ஆளை நிறுத்தாதீர்கள். பயிற்சி பெற்ற, உடலில் பட்ட கதிரை அளக்கும் டோஸ் பேட்ஜ் அணிந்த நிரந்தர ஆட்கள் வேண்டும்.

முதலீடு பெரியது. அதை ஒரு நிலையமே தூக்கிச் சுமக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இந்தத் தொழிலில் வரும் அந்நியச் செலாவணியைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அரசுகளுக்கு அதில் பங்கெடுக்கும் கடமை உண்டு. சோதனை அலகுக்கு மானியம் கேட்டு நீங்கள் போகும்போது, கீழ்ப்பகுதி விவசாயிகளும் கூட வந்து கையெழுத்துப் போட்டால் அந்த மனுவுக்கு எடை கூடும். அப்படிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றால் எங்களுக்கு மூன்று உறுதிகள் தேவை. கழிவு நீர் வெளியேறாத நிலையில் தளர்வு கேட்கமாட்டோம் என்று எழுத்தில் தர வேண்டும். சோதனைக் குழுவில் ஆயக்கட்டு விவசாயிகளும் நிலையத் தொழிலாளிகளும் உட்கார வேண்டும். மாதா மாதம் வரும் அளவீடுகளை, நல்ல மாதம் கெட்ட மாதம் என்று பார்க்காமல், நிலைய வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.

எங்கள் பக்கத்திலிருந்து, ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே உள்ள தோட்டங்களில் கிணற்று நீரும் மண்ணும் மாதிரி எடுக்க ஆட்களிடம் பேசி ஏற்பாடு செய்து தருவது என் பொறுப்பு. என் மாணவர்களும் வருவார்கள்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். முடியும் என்றாலும் சரி, முடியாது என்றாலும் சரி, காரணத்தோடு பொதுவில் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நொய்யல் ஆயக்கட்டைச் சேர்ந்த ஒரு வேதியியல் ஆசிரியர்